தெற்குப் பார்த்த கல்வீடு

சிட்னியில் சூரியன் வடக்குப் பக்கமாக நடக்கிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அது பெரிய செய்தியில்லை. ஆனால் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய கல்வீட்டின் முகம் தெற்கே. மாரிகாலம் முழுக்க வாசற்படியில் ஒரு பொட்டு வெயில் விழாது. தேத்தண்ணிக் கோப்பையோடு வீட்டைச் சுற்றிப் போய், பின்சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் குளிர் காய்வேன். குளிருக்குப் பயந்து வீட்டுக்கு வெளியே ஓடுகிறவனை நீங்கள் எங்கேயும் கண்டிருக்க மாட்டீர்கள்.

சிட்னியின் மேற்கே கிரவீனுக்கு அப்பால், நாலு பக்கமும் புது வீடுகள் நெருக்க, நடுவில் மிஞ்சிய பண்ணைவீடு அது. வீட்டுக்காரர் கோலினின் பூட்டன் இங்கிலாந்திலிருந்து வந்து கட்டினாராம். நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகள் வெட்டிய மஞ்சள் மணற்கல். ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர். பனி வழுக்கி விழுவதற்குச் செங்குத்தான கூரை. இந்தப் பக்கம் பனி எங்கே கொட்டுகிறது? அவருடைய ஊரில் வெயில் தெற்கால் வரும், அதனால் வாசலும் பெரிய யன்னல்களும் தெற்கே. பால் வைக்கிற அறை, குளிர்ச்சி வேண்டுமென்று, வடக்கே. இங்கே வடக்குத்தான் அடுப்பு! அந்த மனுசன் எத்தனை நாள் திரைந்த பாலை ஊற்றியிருப்பாரோ. வந்த இடத்தின் வெயிலைக்கூடப் பாராமல் விட்ட இடத்தின் வீட்டைக் கட்டிய அவரை நினைத்து நான் சிரித்ததுண்டு. கோலினை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

பின்வளவில் செங்கல் வீட்டில் இருந்த கோலின், சாவி தந்த அன்றே சொன்னார்: "மீன் பொரிக்காதீர்கள். இந்தக் கல் மணத்தைக் குடித்துவிடும்." அதன்பிறகு எங்கள் குசினி யன்னலுக்கு வெளியே அவருடைய மூக்கு அடிக்கடி நின்றது. "ஓம் ஓம், கல்லுக்கும் காய்ச்சல் வரும்" என்று என் மனைவி ஜெசிந்தா புறுபுறுப்பாள். என்றாலும் பொறுத்தோம். மகள் மெர்சியின் பள்ளிக்கூடம் நடை தூரம். தைமாதம் ஒப்பந்தம் முடிகிறது. கோலின் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு வீடு கிடைப்பது லேசில்லை. வீடு பார்க்கப் போனால் வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள்.

தெருப்பக்கமாக, வெயில் படாத குசினிச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. மெர்சிக்கு இழுப்பு வந்தது. கோலினிடம் சொன்னேன். "யன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்" என்றார்.

எங்கள் ஊரான மன்னாரில், யேசு பிறந்த நத்தாருக்கு முன் எங்கள் தெருவே வெள்ளையடிக்கும். கடற்கரையில் சிப்பி சுட்ட சுண்ணாம்பை நீற்றி, ஒரு பொட்டு நீலம் கலந்து, தும்புக்கட்டையால் அடிப்போம். பூச்சியும் அண்டாது, பூஞ்சணமும் அண்டாது. எங்களுக்கு அது அலங்காரமில்லை, சுகாதாரம். ஆகவே டிசம்பர் விடுமுறையில் ஒரு பை சுண்ணாம்பு வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு எதற்கு அனுமதி என்று நினைத்தேன். அதுதான் என் பிழை. குசினி, நீலம் பாய்ந்த வெள்ளையில், பூசைக்கு வெளிக்கிட்ட பிள்ளை மாதிரி நின்றது.

கோலின் வாசலில் நின்று பார்த்தார். முகம் சிவந்தது.

"திஸ் இஸ் ஹெரிட்டேஜ்! பழையதை மதிக்க உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"கிளீன், சேர். மை டோட்டர் மெர்சிக்கு வீஸிங்..."

"இரண்டு கிழமை. கல் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வெளியே."

அவர் போனதும் ஜெசிந்தா வெடித்தாள். "நான் சுரண்டமாட்டன். பிள்ளைக்கு மூச்சு வந்ததே இப்பதான்."

"தையிலை றோட்டிலை நிப்பமோ?"

"நீங்கள் சுரண்டுங்கோ. நான் சாமானைக் கட்டுறன்."

சுரண்டினேன். கதவோரம் தொடங்கி அரைச்சுவர் போயிருக்கும், பூஞ்சணம் ஆழப் பிடித்த இடத்தில் தகடு தகடாகக் கழன்றது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலே என் நீலவெள்ளை. அதன் அடியில், பழுத்துப்போன இன்னொரு வெள்ளை, பல பூச்சுத் தடிப்பில். அதற்குள் அரைகுறையாக வெந்த சிப்பித் துண்டுகள். அந்தப் பூட்டனும் வெள்ளையடித்திருக்கிறார், அதுவும் சிப்பிச் சுண்ணாம்பால்! வெறுங்கல் தெரிய வேண்டும் என்று மிச்சத்தைச் சுரண்டியது பின்னால் வந்தவர்களின் பகட்டு.

ஓடிப்போய்க் கோலினிடம் நீட்டினேன். "சேம், சேர். சேம் லைம்."

கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது, ஆனால் இளகவில்லை.

"சேம் இல்லை. இது எங்களுடையது."

பூட்டன் வருமுன்னமே அந்தச் சிப்பிகளை இந்தக் கரையில் காலங்காலமாகத் தின்று குவித்த ஆதிக்குடிகள் அப்போ யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிறகு என்னோடு வந்து சுவரைப் பார்த்தவர், "நிறுத்து! இனித் தொடாதே!" என்று கத்தினார். என்னுடையதைச் சுரண்டினால் பூட்டனுடையதும் சேர்ந்து வருகிறது. புது ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் அவர் போடவில்லை.

இப்போது செவன் ஹில்ஸில், மாடிக் குடியிருப்பொன்றின் இரண்டு அறை யூனிட்டில் இருக்கிறோம். யன்னல் வடக்கே; மெர்சி வெயிலில் படுத்துப் படம் கீறுகிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்த வீட்டைத் தாண்டி வந்தோம். திரைச்சீலை இல்லை, ஆளும் இல்லை. யன்னலுக்குள்ளால் குசினிச் சுவர் தெருவிலிருந்தே தெரிந்தது: அரைவாசி அவர்களுடைய கல், அரைவாசி எங்களுடைய நத்தார். நடுவில், நான் நிறுத்திய இடத்தில், இரண்டுமாக ஒட்டிய ஒரு கோணல் விளிம்பு.