பஞ்சு அடைத்த மணிகள்

எங்கள் வெள்ளைக் குதிரைக்கு இசிவு கண்ட காலையில் லாயத்தில் அய்யாவும் ஆத்தாளும் நானும் இருந்தோம்; வைத்தியர் மட்டும் ஊரில் இல்லை. இன்று போடிச் சந்தையில் மூட்டை பிரிந்து இலவம்பஞ்சு மூக்கில் ஏறியதும் அந்த லாயம்தான் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் இப்போது ஏலக்காய்க் கிடங்கு இருக்கிறது.

குளம்புப் புண்ணிலிருந்து வந்த நோய் அது. நரம்பெல்லாம் விறைத்துத் தாடை கட்டிக்கொண்டது; சின்னச் சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும் உடம்பு வெட்டி இழுத்தது. விழுந்தால் எழாது, எங்கள் பிழைப்புக்கு வேறு குதிரையும் கிடையாது. அதனால் சாக்கைத் தைத்து வயிற்றுக்கடியில் கொடுத்து உத்தரத்தில் கட்டினோம், வாசலைப் படுதாவால் இருட்டாக்கினோம், பூட்டிய பல்லிடுக்கில் உறிஞ்சட்டும் என்று கஞ்சி வாளியை வாய் உயரத்தில் தொங்கவிட்டோம். குரங்கணியிலிருந்து ஏலக்காய்ச் சுமையோடு இறங்கும் குதிரைகளைத் தெருமுனையிலேயே மறித்து, கழுத்து மணிகளுக்குள் ஆத்தா இலவம்பஞ்சை அடைப்பாள். அதட்டியே பழகிய குதிரைக்காரர்கள் கிசுகிசுப்பாகத் திட்டிக்கொண்டு போவார்கள்.

"என்ன தங்கச்சி, தெருவுல எழவா?" என்றார் ஒருவர்.

"எழவு விழக் கூடாதுன்னுதாண்ணே. வெரசாப் போங்க, ஆனா மெல்லப் போங்க," என்றாள் ஆத்தா.

பத்தொன்பதாம் நாள் அது ஊறவைத்த கொள்ளு மென்றது. அந்த நறநறப்பை மூச்சுவிடாமல் கேட்டோம். "மென்னுருச்சுடா!" என்று அய்யா கத்த, தெருவே சேர்ந்து கத்தியது. அந்தக் கத்தலில் மிரண்ட சுமைக்குதிரை ஒன்று மிதித்து உடைத்த இரண்டு பானைகளையும் சேர்த்து, எங்களுக்கு ஆன செலவு ஒன்பதே கால் ரூபாய்.