ஒன்பதாம் காட்டுத் தேயிலை மரங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் என் பக்கத்து வீட்டுக்காரர் வேலிச்செடியை மிஷின் வைத்து வெட்டினார். பச்சை இலை அறுபட்ட வாசனை ஜன்னல் வழியே வந்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "என்னங்க, தோசை நல்லா இல்லியா?" என்றாள் மனைவி. தோசை மேல் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அந்த வாசனை ஆகாது.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வெளிக்காட்டுக் கிராணியாகச் சேர்ந்தபோது வயது இருபத்து மூன்று. காடு என்றால் எண் போட்டுப் பிரித்த தேயிலைப் பரப்பு; அங்கே நடக்கும் வேலைகளை மேற்பார்வையிடுவது என் பொறுப்பு. முழங்கால் வரை காலுறையும் கையில் பிரம்புமாக, பார்ப்பதற்குத் துரைக்குத் தம்பி மாதிரி இருப்பேன். தேயிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் பால் ஊற்றிக் குடிக்கலாம் என்பதுதான். குளிருக்குப் பயந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை குளித்த வீரன் நான், அதை விடுங்கள்.

தேயிலை உண்மையில் மரம். சில வருடங்களுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதால்தான் செடியாக நிற்கிறது. அப்படி வெட்டுவதற்குக் கவ்வாத்து என்று பெயர். ஒன்பதாம் காட்டின் ஓரத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து நின்றன. எனக்கு அது வேலைக்காரர்களின் சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. புதிய மேனேஜர் வேறு சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது.

"கங்காணி, இதையும் சேத்து வெட்டிடுங்க."

ஆட்களை வேலை வாங்கும் சின்னையா கங்காணி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அது கெடக்கட்டும்யா. கொழுந்து வராத மரம்லா."

"அதான் வெட்டச் சொல்றேன்."

அவர் மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியை மாட்டிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். வழக்கமாகக் கேலியும் சிரிப்புமாக வெட்டுகிறவர்கள் அன்று வாயே திறக்கவில்லை. அதையும் என் அதிகாரத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன், மடையன்.

மறுநாள் காலை, கொழுந்தெடுக்க வந்த அஞ்சலை முதுகுக்கூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"எது எம்புள்ளன்னு தெரியலியேய்யா."

கங்காணி அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்து இடுகாடு கீழே ஆற்றோரம், வெகு தூரம். சின்னக் குழந்தை இறந்துபோனால் அவ்வளவு தூரத்தில் விட்டுவரத் தாய்மாருக்கு மனம் வராது. தாங்கள் கொழுந்தெடுக்கும் இடத்தின் ஓரத்திலேயே புதைத்து, மேலே ஒரு தேயிலைக் கன்றை நடுவார்கள். அதை மட்டும் கவ்வாத்து செய்யாமல் விடுவார்கள். ஆபீசுக்குத் தெரிந்தால் தோண்டி எடுக்கச் சொல்வார்கள் என்று எந்தக் கிராணியிடமும் மூச்சு விட்டதில்லை. இறந்தபோது அஞ்சலையின் மகளுக்கு மூன்று வயது. மண்சரிவில் பாதை அடைத்துக்கொண்ட வாரம் காய்ச்சல் வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

கவட்டையாகப் பிரிந்த கிளைதான் அஞ்சலைக்கு அடையாளம். அது விறகோடு விறகாகப் போய்விட்டது. மண்ணில் நின்ற ஒவ்வொரு அடிக்கட்டையாகத் தடவிப் பார்த்தார். நானும் முட்டி போட்டுத் தேடினேன், எதைத் தேடுகிறேன் என்று தெரியாமலே. கடைசியில் ஒன்றின் மேல் கையை வைத்தார்.

"இதுன்னு வச்சிக்கிறேன்யா. இனிமே வெட்டாதீங்க."

நான் இருந்தவரை அங்கே கத்தி படவிடவில்லை. அது மறுபடி வளர்ந்து பூத்தது.

பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் கலைந்தது. அஞ்சலை ரிங்லெட்டில் மகனோடு தங்கிவிட்டார். நானும் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் காட்டை இயந்திரம் வைத்துச் சீவி, பிளாஸ்டிக் கூரை போட்டுத் தக்காளி பயிரிட்டிருந்தார்கள். மரம் மட்டுமல்ல, அது நின்ற மேடே இல்லை.

திரும்பும் வழியில் ரிங்லெட் கடைத்தெருவில் அஞ்சலையைப் பார்த்தேன். கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்.

"அந்தப் பக்கம் போனீங்களாய்யா? இருக்கா?"

"இருக்கும்மா."

"பூத்திருக்கா?"

"பூத்திருக்கு."

"ஒருநாளு ஒங்க கார்ல கூட்டிட்டுப் போங்கய்யா."

சரியென்று சொல்லிப் போன் நம்பரும் கொடுத்தேன். மாதம் ஒருமுறை கூப்பிடுவார். மழை என்றேன், பாதை சரியில்லை என்றேன், முதுகுவலி என்றேன். போன தீபாவளிக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. உயிரோடுதான் இருக்கிறார், மகனிடம் விசாரித்துவிட்டேன். என்னிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.