மாமனைச் சுற்றிய நீலத் துணி

மாவுங்கு பிறந்தது காங்கோ ஆற்றங்கரையில், பிழைத்தது நாக்கால். சின்ன வயதில் போமா துறைமுகத்தில் போர்த்துகீசியர் கிட்டங்கியில் எண்ணெய்ப் பீப்பாய் உருட்டியபோது அவர்கள் பேச்சு அவனிடம் ஒட்டிக்கொண்டது. பிறகு இங்கிலீஷ், கொஞ்சம் பிரெஞ்சு. ஆறு யாருடையது என்று வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொள்ளத் தொடங்கியதும் அவனுக்குக் கிராக்கி ஏறியது. இன்று ஒரு நாட்டுக்காரன் காகிதத்தோடு வருவான், நாளை அவனுக்கு ஆகாதவன் வருவான். பேச்சை மாற்றிச் சொல்ல இரண்டு பேருக்கும் மாவுங்கு வேண்டும்.

போன மழைக்கு முன்னால் நீலக்கொடிக்காரர்கள், ஒரு வெள்ளைக்கார ராஜாவின் கம்பெனி ஆட்கள், அவன் ஊருக்கே வந்தார்கள். நீலத் துணி, நடுவில் பொன் நட்சத்திரம். ஊர்த்தலைவர் அவனுடைய தாய்மாமன் லுசாலா. "நிலமும் படகுத்துறையும் என்றென்றைக்கும் எங்களுக்கு" என்றது காகிதம். "தங்கிக்கொள்ள இடம் கேட்கிறார்கள்" என்று சொல்லிவைத்தான் மாவுங்கு. இப்படி வழவழவென்று தடவிக் கொடுத்தால் சண்டை வராது என்பது அவன் கணக்கு. மாமன் காகிதத்தில் கையெழுத்தாக ஒரு கோடு கிழித்தார், அந்த நீலத் துணியை வாங்கிக் கம்பத்தில் கட்டினார்.

அமெரிக்கர்கள் அந்தக் கொடியை ஒரு நாட்டுக்கொடியாகவே ஏற்றுக்கொண்டார்களாம். போர்த்துகீசியருக்கு முகம் கறுத்துவிட்டது. அதிலிருந்து நீலக்கொடிக்காரர்கள் நீராவிப் படகில் வந்து, எந்தெந்த ஊரில் கொடி பறக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். எதிர்க்கரை ஊரில் கம்பம் வெறுமையாக இருந்தது. போர்த்துகீசியர் பக்கம் சாய்ந்துவிட்டீர்களா என்று கேட்டு, பதில் வருவதற்குள் பீரங்கியால் சுட்டார்கள். புகை இரண்டு நாள் தெரிந்தது.

மாமன் செத்தபோது மாவுங்கு போமாவில் இருந்தான். துக்கச் செய்தியும், கொடி பார்க்கும் நீராவிப் படகு மறுபடி கிளம்புகிறது என்ற செய்தியும் ஒரே நாளில் வந்தன. மூச்சிரைக்கத் துடுப்புப் போட்டு ஊர் சேர்ந்தவன் கண்ணில் முதலில் பட்டது கம்பம். அதில் கயிறு மட்டும் ஆடியது.

தலைவர் செத்தால் உடம்பைப் புகையில் உலர்த்தி, துணி துணியாகச் சுற்றிவைத்துப் பிறகு புதைப்பது அந்த ஊர் வழக்கம்; பிணக்குடிசையில் மெல்லிய நெருப்பின் பக்கத்தில் மாமன் துணி மேல் துணியாகப் பருத்துக் கிடந்தார். அம்மா கூம்பா விறகு தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொடி எங்க?"

"உங்க மாமா மேல."

"அத ஏம்மா எடுத்தீங்க?"

"பின்ன? கோடு கிழிச்சது அவன். துணி குடுத்தது அவனுக்கு. செத்தவன் சம்பாதிச்ச துணி அவனோட போகாம உன்னோடயா வரும்? நல்ல கெட்டித் துணி. அதான் உடம்போட ஒட்டி மொதல்ல சுத்தினேன்."

முதலில் சுற்றியது என்றால் எல்லாவற்றையும் அவிழ்த்தாக வேண்டும்.

"உச்சிவேளைக்குப் படகு வந்துரும்மா. கம்பத்துல கொடி இல்லன்னா எதிர்க்கரையில நடந்ததுதான் நமக்கும்."

"அவுத்தா அவன் செத்துப்போன நம்ம பெரியவங்க முன்னாடி அம்மணமாப் போய் நிப்பான்டா."

"உசுரோட இருக்கிற நாம எங்கம்மா போய் நிக்கிறது?"

கூம்பா அண்ணன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தாள். முழம் முழமாகத் துணி தரையில் குவிந்தது. ஆற்று வளைவில் படகுப் புகை தெரிந்துவிட்டது. மாவுங்கு அவசரத்தில் இரண்டு தடவை துணியைத் தவறவிட்டான். கடைசியில் வந்த நீலத்தில், பிணத்துக்குப் பூசிய சிவப்புப் பொடி திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

கொடி மேலே ஏறியபோது படகு துறையை நெருங்கியிருந்தது. தலைவரின் பிணத்துணி கம்பத்தில் ஏறுவதைப் பார்த்து ஊரே மண்டியிட்டது. இறந்தவருக்குச் செய்வதுபோல் மெல்லக் கைதட்டியது.

நீலக்கொடி அதிகாரி இறங்கி வந்தார், கூடவே ஓர் அமெரிக்க விருந்தாளி. கொடிக்கு இவ்வளவு மரியாதையை இந்த ஆற்றில் எங்கும் பார்த்ததில்லை என்று விருந்தாளி நெகிழ்ந்துபோனார். அதிகாரி குறித்துக்கொண்டார். மாவுங்குவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு விருந்தாளி அண்ணாந்து பார்த்தார். பாவம், கொடி பழசாகிவிட்டதே என்றார். படகிலிருந்து புதுக்கொடி வந்தது. பழையதை இறக்கி அவரிடமே கொடுத்தார்கள். தன் ஊரில் காட்டப்போவதாகச் சொன்னார்.

கூம்பா எழுந்து நேரே அவர் முன்னால் போய் நின்று மாவுங்குவிடம் சொன்னாள்.

"புதுசு வேண்டாம்னு சொல்லு. அது எங்கண்ணன் உடம்புல கிடந்தது. அதக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. வேணும்னா என் துணியெல்லாம் எடுத்துக்கட்டும்."

விருந்தாளி மாவுங்குவின் முகத்தைப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். படகில் பீரங்கி இருந்தது. உள்ளதைச் சொன்னால் கொடி எத்தனை நாள் இறங்கிக் கிடந்தது என்ற கேள்வி வரும்.

"ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்று இங்கிலீஷில் மாற்றிச் சொன்னான் மாவுங்கு.

விருந்தாளி தொப்பியைக் கழற்றி கூம்பாவுக்குத் தலை வணங்கினார். துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படகேறினார். படகு வளைவைத் தாண்டும்வரை மாவுங்கு திரும்பவில்லை.

"என்னடா சொன்னான்?"

"முடியாதுன்னுட்டான்மா."

கூம்பா படகு போன பக்கம் கையை நீட்டினாள்.

"முடியாதுங்கிறவன் எதுக்குடா எனக்குத் தொப்பியக் கழட்டினான்?"