துணிப்பையில் மஞ்சள் பூ

நிஷ் நகரப் பேருந்து நிலையத்தில் தகவல் சன்னலுக்குப் பின்னால் இருந்து வருடக்கணக்கில் கத்தியதில் டோப்ரிலாவுக்குக் குரல் தகர டப்பா போல ஆகிவிட்டது. சும்மா உட்கார்ந்து பழகாதவள். மார்பில் கட்டி என்று தெரிந்த பிறகோ நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மருந்து ஏறும்போதுகூட எப்போது முடியும் என்று நர்ஸை நச்சரித்தாள்.

டாக்டர் யாஸ்னா முதல் நாளே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ உள்ளே இருக்கற குரோமோசோமைச் சமமாப் பங்கு போடணும். உங்க கட்டியில அந்தப் பங்கு தப்பாப் போகுது. ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறச்சல். அப்படித் தாறுமாறாப் பொறந்ததுல சிலது வீட்டை விட்டு ஓடிடும். அக்குள் வரைக்கும் போயிருக்கு. எலும்புக்குப் போகாமப் பாக்கணும்."

"மருந்து அந்தப் பங்கைச் சரி பண்ணிடுமா?"

"இல்ல, இன்னும் குழப்பிவிடும். அதுவே தாங்க முடியாமச் சாகற அளவுக்கு."

"எங்க கொழுந்தன்மாரு சொத்துப் பிரிச்ச மாதிரின்னு சொல்லுங்க."

சிரித்தாளே தவிர, அன்றோடு தூக்கம் போனது. முழங்கால் வலித்தால் வந்துவிட்டதோ என்பாள், முதுகு பிடித்தால் வந்துவிட்டதோ என்பாள். கணவன் மிலுதின் தேநீர்க் கோப்பையும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தான்.

மூன்று முறை மருந்து ஏறியும் கட்டி இம்மியும் குறையவில்லை.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

"ஒண்ணும் இல்லையே."

அது பொய்யில்லை. அந்த ஊரில் தேநீரை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டரை வெறுங்கையோடு பார்ப்பது மிலுதினுக்கு மானக்கேடு. காப்பிப் பொட்டலமும் ராக்கியா சாராய பாட்டிலும் போதாதென்று, சுவா மலையில் தானே பறித்துக் காயவைத்த மஞ்சள் பூவைத் துணிப்பை நிறைய அன்று மேசைமேல் வைத்தான்.

"நம்ம கன்டாரியோன், டாக்டர். வயித்துக்கு, நெஞ்சுக்கு, கவலைக்கு, எல்லாத்துக்கும் கேக்கும். இவளுக்குக் காலையிலயும் ராத்திரியும் நானே டீயாப் போட்டுக் குடுக்கறேன்."

டாக்டரின் முகம் மாறியது. "ஆரம்பத்துலேர்ந்தா?"

"ஒரு நாள் தவறினதில்ல!"

"இந்தப் பூ ஈரலை முடுக்கிவிடும். நான் ஏத்தற மருந்தை அது சீக்கிரமே அழிச்சிடும். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னையோட நிறுத்துங்க."

அன்றிலிருந்து மிலுதின் அடுப்புப் பக்கமே போகவில்லை. அவள் தண்ணீர் கேட்டால்கூட, "நீயே எடுத்துக்கோ" என்று விலகினான். தன் பயம் போதாதென்று இந்த மனுஷனின் பயத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறதே என்று டோப்ரிலாவுக்கு எரிச்சல். பாவமாகவும் இருந்தது.

இன்னும் இரண்டு முறை மருந்து ஏற்றிவிட்டு ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. எலும்பில் ஒன்றும் இல்லை. டோப்ரிலா டாக்டரைக் கட்டிக்கொண்டு மூன்று முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மிலுதினைக் காணோம்.

வெளியே, அத்தனை நோயாளிகள் பார்க்க, சுவரில் முகத்தைப் பதித்து அழுதுகொண்டிருந்தான்.

"நல்ல சேதிக்கு எதுக்குய்யா ஒப்பாரி?"

"அப்போ அத்தனை நாளும் மருந்தைக் கெடுத்தது என் கைதானே, டோப்ரா?"

டோப்ரிலா அவன் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக்கு மேலாகவே கட்டியின் மீது அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"உன் கைதான்," என்றாள். "அதாலயே தொட்டுப் பாரு. எவ்ளோ சின்னதாயிடுச்சு."