அன்லிமிடெட் என்று சொல்லி அளந்து கொடுக்கிறோம்

அடுத்தவர்களின் வெப்சைட்டுகளை எங்கள் சர்வர்களில் குடிவைத்து, அங்கே வந்துபோகும் போக்குவரத்தை அளந்து பில் போடுவது எங்கள் கம்பெனியின் தொழில். அந்தப் பில்லைப் பார்த்துக் கொதிப்பவர்களின் போனை எடுப்பது என் தொழில்.

டெல்லி நேரு பிளேஸில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். சர்வர்கள் நொய்டாவில் குளுகுளு அறையில் இருக்கின்றன. நாங்கள் இங்கே வியர்க்கிறோம். யாராவது உங்கள் வெப்சைட்டைத் திறந்து ஒரு படம் பார்த்தால், அந்தப் படம் எங்கள் சர்வரிலிருந்து கிளம்பி அவர் போனுக்குப் போகிறது. இப்படிப் போவதற்கும் வருவதற்கும் பேண்ட்வித் என்று பெயர் வைத்து, மாதக் கடைசியில் காசு கேட்போம். பாதி சினிமாவில் மொபைல் டேட்டா தீர்ந்துபோய்ச் சுவரை முறைத்திருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். எனக்குச் சம்பளம் கம்பெனி பக்கமிருந்து வருகிறது, வயிற்றெரிச்சல் மட்டும் உங்கள் பக்கம்.

லெஹங்காவும் நியாயமும்

எங்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'அன்லிமிடெட் பேண்ட்வித்' என்று இருக்கும். அதை எழுதியவன் சேல்ஸில் இருக்கும் அரோரா. அதே பக்கத்தின் அடியில், எறும்பு படித்தால் உண்டு என்கிற அளவில், 'நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். எது நியாயம் என்று எங்கும் எழுதியிருக்காது. அதை எங்கள் முதலாளி குப்தா ஜி அவ்வப்போது தீர்மானிப்பார்.

ராஜௌரி கார்டனில் கல்யாண லெஹங்கா விற்கும் ஒரு பஞ்சாபி அம்மாள் அரோராவின் வார்த்தையை நம்பி வந்தார். ஒவ்வொரு லெஹங்காவையும் முன்னால், பின்னால், சுற்றவிட்டு என்று வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். கல்யாண சீசன் வந்ததும் டெல்லியில் இருக்கிற பெண்களெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வியாபாரம் நடக்கும் வாரத்தில் குப்தா ஜிக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. சைட்டை நிறுத்திவிட்டார்.

அம்மாள் போன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். அரோரா பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விட்டான். நான் அந்தப் பொடி வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். காட்டும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கேட்டார்: "பேட்டா, இந்த அன்லிமிடெட் என் வெப்சைட்டுக்கா, இல்லை உங்கள் வாய்க்கா?"

ஓர் எழுத்து

ஜனக்புரியிலிருந்து ஒரு தமிழ்ப் பெரியவர். மத்திய அரசின் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். தன் சங்கீத நண்பர்கள் பாடியதையெல்லாம் பதிவுசெய்து ஒரு வெப்சைட்டில் வைத்திருந்தார். விநாடிக்கு நூறு எம்பி வேகம் என்று எங்களிடம் வாங்கிவிட்டு, தன் பாட்டு இறங்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். நூறு எங்கே, பன்னிரண்டுகூடத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறீர்கள் என்று போன்.

நான் விளக்கினேன். சின்ன b போட்டால் பிட், பெரிய B போட்டால் பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். வேகத்தை நாங்கள் பிட்டில் சொல்லுவோம், உங்கள் பாட்டு பைட்டில் இருக்கும், ஆகவே எட்டால் வகுக்க வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் வந்தது. வேகத்தை விற்கும்போது பெரிதாகத் தெரிகிற அலகு. மாதக் கடைசியில் எவ்வளவு போனது என்று பில் போடும்போது மட்டும் பைட். ஒரே கடையில் இரண்டு தராசு. இதை உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். அது எனக்கே சமாதானமாகப் படவில்லை.

மறுமுனையில் அவர் நூறை எட்டால் வகுத்துப் பார்ப்பது கேட்டது. "ஏம்மா," என்றார் கடைசியில், "ஒரு எழுத்தைப் பெரிசாப் போட்டா எட்டு மடங்குன்னா, எங்க ஆபீஸ்ல அதுக்கு விசாரணை வெச்சிருப்பா, நீங்க அதுக்கு பிரைஸ் லிஸ்ட் போட்டிருக்கேள்!"

கல்யாணக் கூட்டம்

சிலர் தங்கள் சொந்த சர்வரையே கொண்டுவந்து எங்கள் டேட்டா சென்டரில் வைப்பார்கள். மின்சாரம், குளிர், கம்பி எங்களுடையது, பெட்டி அவர்களுடையது. அவர்களுக்குப் பில் போடும் முறை வேறு, அதைக் கண்டுபிடித்தவர் யாரோ, நல்ல மனநிலையில் இருந்திருக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பியில் போகும் வேகத்தைக் குறித்துக்கொண்டே வருவோம். மாதக் கடைசியில் அதையெல்லாம் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேலே இருக்கும் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தள்ளிவிடுவோம். மிஞ்சியதில் எது உச்சமோ, மாதம் முழுவதும் அந்த வேகத்தில் ஓடியதாக வைத்துப் பில்.

அதாவது மாதத்தில் ஒன்றரை நாள் நீங்கள் எவ்வளவு கூத்தடித்தாலும் இலவசம். அதைத் தாண்டினால் தொலைந்தீர்கள். முகர்ஜி நகரில் கோச்சிங் சென்டர் நடத்தும் யாதவ் ஜி தாண்டினார். பரீட்சை விடைகளை அவர் சைட்டில் போட்டதும் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். ஒன்றரை நாளில் அடங்கும் என்று எதிர்பார்த்திருந்தார், இரண்டாம் நாள் நள்ளிரவு வரை இழுத்துவிட்டது. மாதத்தின் மற்ற நாட்களில் அந்த சர்வர் ஈயோட்டிக்கொண்டிருந்தது. பில்லோ, மாதம் முழுக்கப் பிள்ளைகள் மொய்த்த மாதிரி வந்தது.

அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நானே இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். தப்பே இல்லாத ஒரு கணக்கு இவ்வளவு அநியாயமாக இருக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. யாதவ் ஜி கத்தவில்லை. எதிரே உட்கார்ந்து கைகளைக் கூப்பிக்கொண்டு கேட்டார்: "மேடம் ஜி, இரண்டு நாள் என் வீட்டுக்குக் கல்யாணக் கூட்டம் வந்தது, அதற்காக மாதம் முழுக்க நான் மண்டப வாடகை கட்ட வேண்டுமா?"

அடி வாங்கியவர்

பரீதாபாத்தில் இருந்து ஒருவர், சின்ன மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பதிவுசெய்யும் சாஃப்ட்வேர் நடத்துகிறார். அவருடைய சர்வரும் எங்களிடம்தான். ஒரு நாள் முகம் தெரியாத யாரோ ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலிருந்து அந்த சர்வர் மேல் குப்பையைக் கொட்டினார்கள். வாசலில் வண்டி வண்டியாகக் குப்பை கொட்டினால் வீட்டுக்காரர் எப்படி வெளியே வருவார்? நோயாளிகள் யாராலும் பதிவுசெய்ய முடியவில்லை. மனிதர் போனில் அழாத குறை. எங்கள் இன்ஜினியர் ஃபைசல், அவனும் தமிழ்ப் பையன்தான், போராடி அதை நிறுத்துவதற்குள் ஒன்றரை நாள் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

எங்கள் ஒப்பந்தத்தில் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில். ஆகவே அந்தக் குப்பைக்கும் பில் போனது. நான் அதை எடுத்துக்கொண்டு குப்தா ஜியின் அறைக்குப் போனேன். "இவர் என்ன கேட்டாரா? எவனோ கொட்டியதற்கு இவர் ஏன் தர வேண்டும்?" என்று சத்தம் போட்டேன். குப்தா ஜி பிஸ்தா உரித்துக்கொண்டிருந்தார். கோபமே படாமல் ஒரு பிஸ்தாவை என் பக்கம் நீட்டி, "மேடம் ஜி, அடித்தவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அடி வாங்கியவரின் அட்ரஸ்தானே நம்மிடம் இருக்கிறது," என்றார்.

அம்மாவின் குரல்

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

செல்வி ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்த பெண். குடும்பம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா வீட்டு வேலை செய்கிறவர். செல்வி ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. குடியிருப்பு இடிக்கப்பட்ட பிறகு சிலருக்கு ஊர்க்கோடியில் நரேலாவில் வீடு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். கிடைக்காதவர்கள் எங்கே போய் மனுக் கொடுக்க வேண்டும், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல அவள் ஒரு வெப்சைட் தொடங்கினாள். பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் தன் அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிவுசெய்து போட்டிருந்தாள். படத்தைத் தொட்டால் அம்மாவின் குரல் கேட்கும். எங்களிடம் இருப்பதிலேயே மலிவான பிளான்.

ஒரு நாள் காலையில் அம்மாவும் மகளும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். நரேலாவிலிருந்து பஸ், மெட்ரோ மாறி வந்திருந்தார்கள். சைட்டைத் திறந்தால் 'பேண்ட்வித் எல்லை தாண்டியது' என்று மட்டும் வருகிறதாம். மறுநாள் முப்பது நாற்பது குடும்பம் மனுவோடு ஓர் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஆளாளுக்கு செல்விக்கு போன் போட்டு, "என்ன கொண்டுபோறது, குரல் வரலையே," என்று கேட்கிறார்கள்.

"அவ்வளவு பேரா கேட்டாங்க?" என்று அம்மா என்னிடம் கேட்டார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஃபைசல் உட்கார்ந்து பார்த்தான். கேட்டவர்கள் மனிதர்களே இல்லை. இணையத்தில் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகிற தானியங்கி நிரல்கள், எந்த ஊரிலிருந்தோ வந்து, அந்த அம்மாவின் குரலைத் திரும்பத் திரும்ப, ஒரே பதிவை நூற்றுக்கணக்கான தடவை இறக்கியிருந்தன. கேம்ப் ஆட்கள் கேட்டது அதில் ஓர் ஓரம். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? "மெஷின் கேட்டிருக்குங்க," என்றேன். "மெஷினுக்கு எதுக்குமா வீடு?" என்றார் அவர்.

குப்தா ஜியிடம் போனேன். கூடுதல் பேக் வாங்கினால் உடனே திறந்துவிடலாம் என்றார். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இதைத் திறக்கிற வரைக்கும் இன்றைக்கு ஒரு போனையும் எடுக்க மாட்டேன் என்றேன். சைட்டைப் பார்த்தது யார் என்று தெரிந்தும் பேக் விற்றால், அந்த விவரத்தை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நானே எழுதுவேன் என்றும் சொன்னேன். வெளியே போன் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. அவர் பிஸ்தாவைத் தொடவில்லை. கடைசியில் "கரோ, கரோ," என்று, செய்து தொலையுங்கள் என்பதுபோல் கையை உதறினார். ஃபைசல் நிரல்களைத் தடுத்து, கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சைட்டைத் திறந்தான்.

செல்வி தன் போனில் படத்தைத் தொட்டாள். ஆபீஸ் நடுவில் அவள் அம்மாவின் குரல், ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தது. நிஜ அம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லை நெருங்கும்போது நாங்கள் எச்சரிக்கை அனுப்புவதே இல்லை, நிறுத்திய பிறகுதான் மெயில் போகும் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "பரவாயில்ல அக்கா, ஆனா வீட்டை இடிச்சவங்களே முன்னாடி நோட்டீஸ் ஒட்டினாங்க."

புதிய சேவை

மறுநாள் அந்தக் குடும்பங்கள் மனுக் கொடுத்துவிட்டு வந்ததாக செல்வி மெசேஜ் அனுப்பினாள். முடிவு இன்னும் வரவில்லை.

எங்கள் ஆபீஸில் முடிவு வந்துவிட்டது. அந்த வாரமே அரோரா ஒரு புதிய விளம்பரம் எழுதினான்: தானியங்கி நிரல்களிடமிருந்து உங்கள் வெப்சைட்டுக்குப் பாதுகாப்பு, மாதக் கட்டணம் தனி. ஃபைசல் செல்விக்காகச் சும்மா செய்த அதே வேலை. அரோரா எனக்கு லட்டு கொண்டுவந்தான். எச்சரிக்கை மெயிலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதையும் சேர்த்துவிட்டோம், பிரீமியம் பிளானில், என்றான். நான் லட்டைத் தொடவில்லை. ஃபைசல் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, இனிமே நீங்க கோபப்படாதீங்க, ஒவ்வொரு தடவையும் இவங்களுக்கு ஒரு புது பிளான் கிடைச்சிடுது," என்றான்.

கம்பியில் போவது, வருவது, வேகம், எல்லை எல்லாவற்றையும் அளக்க எங்களிடம் கருவி இருக்கிறது, வாடிக்கையாளரின் வயிற்றெரிச்சலை அளக்க மட்டும் இன்னும் ஒன்று வரவில்லை என்பதால்தான் அது இன்றுவரை உண்மையாகவே அன்லிமிடெட்.