மாலை காத்த வயிறு

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குச் சின்ன வயசிலிருந்தே வயிறு சரியில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பஜ்ஜியும் கேசரியும் வைத்தோம். பஜ்ஜியைத் தொடவில்லை. கேசரியில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டார். என் அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போனது. வாயைக் கட்டத் தெரிந்த பிள்ளை, குடிக்க மாட்டான் என்றாள். இப்படி ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு யார் குடிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவருக்குச் சொந்த ஊர் ஆர்.கே.பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம். கல்யாணம் ஆனதும் கும்மிடிப்பூண்டிக்கே குடிவந்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். நான் பெயிண்ட் கம்பெனியில் பேக்கிங். அவர் கம்பி உருட்டும் கம்பெனியில், உலைக்குப் பக்கத்தில். பழுக்கக் காய்ந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் சட்டையில் உப்பு பூத்திருக்கும்.

அந்த வேலைக்காரர்கள் ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. கேட்டுக்கு வெளியே கூடி, கடைக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். இவரும் போக ஆரம்பித்தார். குடித்தால் அன்றைக்கு வயிறு எரியும், மறுநாள் காலை வரை பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடப்பார், ரசம் சாதம்கூடத் தங்காது. அவர் சிநேகிதர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பீர் குளிர்ச்சி, உலைச் சூட்டை அப்படியே இழுத்துவிடும் என்றார் ஒருவர். பீர் குடித்து வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. சோடா ஊற்றாதே, தண்ணீர் ஊற்று என்றார் இன்னொருவர். அவித்த முட்டையை முதலில் உள்ளே போடு என்றார் வேறொருவர். பிராந்தியில் மோரைக் கலந்தும் ஒரு நாள் குடித்துப் பார்த்தாராம். அதை அவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இவனுக்கு சைடு டிஷ்ஷே அந்த ரோஸ் கலர் வயித்து மருந்துதான்டா" என்று என் எதிரிலேயே ஒருத்தர் கிண்டல் செய்தார். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார்.

நான் குடிக்கிறவனில்லை. அதற்காகக் குடிக்கிறவர்களைத் தாழ்வாக நினைக்கிறவனும் இல்லை. ஒரு கிருத்திகை அன்று கோயிலிலிருந்து சேர்ந்து வரும்போது, உடம்புக்கு ஆகவே ஆகாததை எதற்கு மாப்ள என்று அவரைக் கேட்டேன். 

"எல்லாரும் வட்டமா குந்திக்கினு இருக்கச் சொல்ல நான் மட்டும் பஸ்ஸுக்கு நின்னா, அடுத்த நாளு உலைகிட்ட எவனும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான் மச்சான். அங்க ஒருத்தன ஒருத்தன் நம்பித்தான் கம்பிய புடிக்கறோம்."



வலி அதிகமாகி டாக்டரிடம் போனார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண் இருக்கிறது என்றார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, விடாமல் போட வேண்டும், குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். மருந்துக் கடைக்காரரும் மாத்திரையைக் கொடுக்கும்போது, இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார். எங்கள் மாப்பிள்ளை மனசில் கடைசியாகக் கேட்ட அந்தப் பேச்சுதான் நின்றது. குடிக்கப் போகிற நாளில் மாத்திரையைப் போடவே மாட்டார். ரெண்டும் ஒன்றாக உள்ளே போகக் கூடாது என்பார். விரதத்தில் எப்படிச் சுத்தம் பார்ப்பாரோ அப்படி இதிலும் பார்த்தார். எங்கள் கண்ணுக்கும் அது ஜாக்கிரதையாகவே தெரிந்தது. குடித்தாலும் மாத்திரை விஷயத்தில் கவனமாக இருக்கிறார் என்று தங்கச்சி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லுவாள்.

அவர் குடிக்காமல் இருந்ததெல்லாம் மாலை போட்ட நாட்களில்தான். அவர்கள் ஊர்க்காரர்கள் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மண்டலம் முன்பே மாலை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, திருத்தணிக்குக் காவடி எடுப்பார்கள். இவரும் வருஷம் தவறமாட்டார். கழுத்தில் மாலை ஏறிவிட்டால் ஆளே வேறு. விடியலில் தலைக்குக் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை, வெறும் வயிற்றில் அந்த மாத்திரை. வயிறு ஒரு நாள்கூட முனகாது. கன்னத்தில் சதை பிடிக்கும். கம்பெனியில் அதே சிநேகிதர்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். "சாமி, நீங்க ஊட்டுக்குப் போங்க சாமி" என்று பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டுக் கடைக்குப் போவார்கள். யாரும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவில்லை. தங்கச்சியும் அவரைச் சாமி என்றே கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடும்போது அவள் குரலில் ஒரு துள்ளல் இருக்கும்.

மாலையைக் கழற்றுகிற அன்றைக்கே பழையபடி ஆகிவிடும். மலையிலிருந்து இறங்கி வரும் வழியிலேயே கடை இருக்கிறது. அதனால் என் தங்கச்சி ஒரு யோசனை செய்தாள். ஆடி மாலை கழற்றி மூணு மாசத்தில் கார்த்திகைக்கு ஐயப்பன் மாலை, அது முடிந்ததும் தைப்பூச மாலை. வருஷத்தில் பாதி நாளாவது மாலையில் இருக்கட்டும், மிச்சப் பாதியை முருகன் பார்த்துக்கொள்வான் என்றாள். அப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. நல்ல வருஷங்கள் அவை.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. காவடிக்குக் கம்பு வளைத்துக் கட்டி, வீட்டுப் பரண் மேல் வைத்திருந்தார். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பதால், ஊரிலிருந்து வந்த சேதி தங்கச்சி போனுக்கு வந்தது. அவருடைய பெரியப்பா விடியற்காலையில் போய்விட்டார்.

தங்கச்சி என் வீட்டுக்கு வந்து நின்றாள். செருப்புகூடப் போடவில்லை.

"ண்ணா, பங்காளி சாவு. தெரிஞ்சா மாலைய கழட்டிருவாரு. சாவு ஊட்ல எல்லாரும் குடிப்பாங்க."

அவள் சொன்னது சரி. பங்காளி வீட்டில் சாவு என்றால் மாலையில் இருக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். பாடை தூக்குகிறவர்களுக்குச் சரக்கு வாங்கி வைப்பதும் அவர்கள் ஊர் வழக்கம். ஒரே நாளில் மாலையும் போய், அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் அவர் உட்கார வேண்டும். கிருத்திகை முடியும்வரை சொல்லாமல் இருந்தால் தப்பா என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. தீட்டோடு ஒருத்தர் காவடி தூக்கினால் அது யார் தலையில் விடியும்? அவளைக் கூட்டிக்கொண்டு, அவருக்கு மாலை போட்டுவிடும் குருசாமியிடம் போனேன். பஜாரில் டிபன் கடை வைத்திருப்பவர். தோசையைத் திருப்பிப் போட்டபடியே முழுக்கக் கேட்டார். அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு, காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு, காதில் விழாதவரை அவர் சாமிதான் என்று மெதுவாகச் சொன்னார். என் தங்கச்சி கடை வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் வந்தவுடன் போனை வாங்கி ரிப்பேர் என்று சொல்லிவிடலாம், கிருத்திகை முடிந்ததும் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்தோம். சாவுக்கு நான் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு.

ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. மூன்று மணிக்குள் அவர் வந்துவிட்டார். வாசலில் நின்றபோது கழுத்து வெறுமையாக இருந்தது. மாலையைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். அவரோடு உலையில் நிற்கிறவர்களில் ஒருத்தர் அதே ஊர்ப் பக்கம். லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தவர், யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு, இது உங்கள் பெரியப்பா இல்லையா சாமி என்று காட்டிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. துக்கத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் பாவம் என்று நினைத்திருக்கிறார்.

"காதுல வுழுந்துட்ச்சி மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் நின்று தன் கையாலேயே கழற்றியிருக்கிறார். எங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தங்கச்சி அந்த மாலையை வாங்கி முருகன் படத்தில் மாட்டினாள். கிளம்புகிற அவசரத்தில் மாத்திரை அட்டை அந்தப் படத்துக்குக் கீழேயே கிடந்தது. மாலையில் இருக்கும்போது அங்கேதான் அதை வைப்பார்.

ரயிலில் பட்டணம் போய், திருத்தணி வண்டி பிடித்து, அப்புறம் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர இருட்டிவிட்டது. மறுநாள் மதியம் எடுப்பதாக இருந்தது. பக்கத்திலேயே இரு ண்ணா என்று தங்கச்சி என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் பாடை தூக்குகிற பங்காளிகள் தனியாகப் புளியமரத்தடியில் இருந்தார்கள். சம்பந்தி வீட்டு ஆள் அங்கே போய் உட்கார முடியாது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். பெரியப்பா மகன் பிளாஸ்டிக் கப்பை நீட்டினார். மாப்பிள்ளை வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார்.

"தோள் குடுக்கறவன் வெறும் வயித்தோட தூக்குவானா நைனா? உன்ன தோள்ல தூக்கிக்கினு திரிஞ்ச மனுசன்டா எங்கப்பா."

நான் வழக்கத்தை மீறிப் பக்கத்தில் போய், வேணாம் மாப்ள என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"இப்ப மாலை இல்லியே மச்சான்" என்றார்.

கருமாதி முடிக்காமல் வரக் கூடாது என்று அவரும் தங்கச்சியும் அங்கேயே தங்கினார்கள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சாயந்திரமானால் பங்காளிகள் கூடுகிறார்கள், சாப்பாடு காரம், மாத்திரை வாங்கிக்கொள்ளச் சொன்னால் வேண்டாம் என்கிறார் என்று போனில் தங்கச்சி சொன்னாள். தினமும் குடித்ததால் தினமும் மாத்திரை இல்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்கிறேன், அப்போது வயிறு தானாகச் சரியாகிவிடும் என்றாராம்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது கறுப்பாக வாந்தி எடுத்தார். காபித் தூள் மாதிரி இருந்தது என்றாள். திருத்தணியில் பார்த்துவிட்டு, அங்கிருந்து திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். நான் போனபோது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தங்கச்சியிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். மாலையில் இருக்கும்போது தவறாமல் போடுவார், குடிக்கிற நாளில் ஆகாதென்று நிறுத்திவிடுவார் என்று இவள் விவரமாகச் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு அதட்டாமல், மாலை போட்ட நாளில் அவர் குடிக்கவும் இல்லை, மருந்தையும் விடவில்லை, அதனால் புண் ஆறியது, குடித்த நாளில்தான் அந்த மருந்து ரொம்பத் தேவையாக இருந்தது என்றார். குடித்துவிட்டார் என்பதற்காக அதையும் நிறுத்தியிருக்கக் கூடாதும்மா என்றார். தங்கச்சி தலையை ஆட்டினாள். விளங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒரு நாள் நல்ல நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தீட்டு எப்ப மச்சான் முடியுது? திரும்ப மாலை போட்டுக்கறேன். அது கெடந்தா வயிறு சும்மா கெடக்குது" என்றார்.

"போட்டுக்கலாம் சாமி" என்றேன். மாலை இல்லாத ஆளை அப்படிக் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான். அவர் சிரித்தார்.

பெரியப்பா கருமாதிக்கு முன்பே அவரும் போய்விட்டார்.

எனக்கு முருகன் மேல் குறையில்லை. மாலை கழுத்தில் இருந்தவரை அவன் அவரை ஒரு நாள்கூட விடவில்லை. மாலை இல்லாத நாட்களையும் சேர்த்துக் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தினமும் விளக்கேற்றும்போது குடிக்கிறவர்கள் எல்லாருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்கிறேன்.

இந்த ஆடியில் எங்கள் வீடுகளில் யாரும் மாலை போடவில்லை. போஸ்டரைக் காட்டிய அந்தச் சிநேகிதர் போட்டிருந்தார். தங்கச்சி வீட்டுத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போவார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது தங்கச்சி வாசலுக்கு வந்து, சாமி, கொஞ்சம் நில்லுங்க என்று கூப்பிட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமலே நின்றார். அவரைத் திட்டப்போகிறாள் என்றுதான் நானும் பயந்தேன்.

"திருத்தணி எறங்கி நேரா இங்க வாங்க சாமி. மோர் சாதம் போடறேன். வேற எங்கியும் போயிராதீங்க" என்றாள்.

கிருத்திகை அன்று பெரிய பாத்திரத்தில் மோர் சாதம் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் வரவில்லை. மறுநாள் காலை வந்தார். கண் சிவந்திருந்தது, வெளியிலேயே நின்றார். மோர் சாதம் அதற்குள் புளித்துவிட்டது. இவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் புதிதாக உலை வைத்தாள். வெந்ததும் தட்டில் போட்டு ஆற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

"வயிறு எதுனா நோவுதா? மாத்திர கீத்திர குடுத்துக்கீறாங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று அவர் தலையசைத்தார்.

"குடிச்ச அன்னிக்கும் நிறுத்தாதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை சுவரோரமாக நின்றாள்.