லிஸ்பனுக்குப் போன அன்ரி

விமான நிலையத்துக்குப் போக ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலேறி என் பக்கத்தில் அமர்ந்த யாழ்ப்பாணத்து அன்ரிக்கு அறுபது வயதிருக்கும். பட்டுச் சேலை, வெள்ளை ஸ்னீக்கர்ஸ், புது சூட்கேஸ். உட்கார்ந்த பிறகும் கால்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன.

"தம்பி, லிஸ்பன் பாத்திருக்கிறீங்களோ?"

"ஆமா அன்ரி, போன வருஷம் போனேன்."

"அங்க இரவில ஆடுற இடங்களுக்குப் பொம்பிளையள் தனியப் போகலாமே?"

"தாராளமா போகலாம். தெருவிலேயே ஆடுவாங்க!"

முகம் மலர்ந்துவிட்டது. கோட்டை, டிராம், ஆற்றங்கரை என்று மூச்சுவிடாமல் விசாரித்தார். மகனிடம் மட்டும், லண்டனில் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம்.

அப்போது மகனே கைபேசியில் அழைத்தார். "ஓம், வெளிக்கிட்டிட்டன்," என்ற அன்ரி சற்றுத் தயங்கினார். பிறகு ரயில் பெட்டிக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "லண்டனுக்கில்லையடா, லிஸ்பனுக்கு! ஆடப் போறன்!"

மகன் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. கண்ணைத் துடைத்தபடி அன்ரி சிரித்த சிரிப்பை நினைத்தால், "போய் ஆடுங்கோ அம்மா" என்றுதான் சொல்லியிருப்பார் என்று இன்றும் ஊகிக்கிறேன்.